தோசை சுடுகிற துப்பாக்கி

கோவிந்தன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மேலே இரண்டு பொத்தான்கள் சுலபமாக வந்துவிட்டன. மூன்றாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஊக்கு. வலது கையில் கொடுவாள் இருந்ததால் இடது கையாலேயே அந்த ஊக்கோடு மல்லுக்கட்டினார். குடித்திருந்த கைக்கு அது பிடிபடவில்லை. குத்திவிட்டது போல, விரலை வாயில் வைத்துச் சப்பினார். பிறகு பொறுமை போய்ச் சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஊக்கு தெறித்து எங்கள் வாசலில் எங்கேயோ விழுந்தது.

“இந்தா மாரு. சுடு டீச்சரு! சுடுடி பாக்கலாம்!”

நான் வீட்டுப் படியில் நின்றிருந்தேன். என் கையில் துப்பாக்கி. அதற்குள் தோட்டா.

புளி உலுக்கும் காலம் அது. வாசல் முழுக்கப் புளியம்பழ ஓடு இறைந்து கிடந்தது. வெயிலில் காய்கிற புளியின் வாசனை மூக்கைப் பிடித்தது. பிற்பகல் மூன்று மணி இருக்கும். இவ்வளவும் நினைவிருக்கிறது. அந்த மனிதரின் நெஞ்சில் பாதி முடி நரைத்திருந்தது கூட நினைவிருக்கிறது. எந்த வருஷம் என்றுதான் சரியாகச் சொல்ல முடியவில்லை. எண்பதுகளின் முதல் பாதி. மழை பொய்த்த வருஷம். எங்கள் தர்மபுரிக்காரர்களிடம் இப்படிச் சொன்னால் எந்த மழை பொய்த்த வருஷம் என்று திருப்பிக் கேட்பார்கள்.

போன வாரம் மொரப்பூர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய மாணவர் ஒருவர் பேசினார். இப்போது பெங்களூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாராம். “டீச்சர், எல்லாத்தையும் எழுதறீங்க, தோசைய மட்டும் உட்டுட்டீங்களே” என்றார். விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். கேட்ட பிறகு எப்படி விடுவது?

மாமனார் விட்டுப்போன பொருள்

துப்பாக்கி என் மாமனாருடையது. ஒற்றைக் குழல். நடுவில் மடித்துத் தோட்டாவைப் போட்டு மூட வேண்டும். சித்தேரி மலை அடிவாரத்தில் எங்கள் நிலம். ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கிவிட்டால் காலையில் கடலைச் செடி இருந்த இடத்தில் குழிதான் இருக்கும். வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் ஓடிவிடும். அதற்காக அந்தக் காலத்திலேயே லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார்.

அவர் இறந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது வீட்டில் யார் பெயருக்காவது மாற்ற வேண்டும் என்றார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள்? என் கணவர் சவரிமுத்து ராணுவத்தில் டிரைவர். வருஷத்தில் ஒரு தடவைதான் வருவார். அவருடைய தங்கை ஆரோக்கியம், நான், மூன்று வயது மகள். இவ்வளவுதான் குடும்பம்.

“உன் பேருக்கு எழுதிப் போடு” என்று இன்லண்ட் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். மீதிக் கடிதம் முழுக்க எருமைக் கன்றைப் பற்றி.

விசாரணைக்கு ஒரு சப் இன்ஸ்பெக்டர் வந்தார். ஆரோக்கியம் காபி கொடுத்தாள். அவர் காபியைக் குடித்து முடிக்கும் வரைக்கும் துப்பாக்கியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்களாம்மா சுடப்போறீங்க?”

“பன்னி வந்தா யார் இருக்காங்களோ அவங்கதானே சார் சுடணும்?”

சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். பல மாதம் கழித்து லைசென்ஸ் வந்தது. என் போட்டோவும் பெயரும் போட்ட ஒரு சின்னப் புத்தகம். பிலோமினா, ஆசிரியை. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் புரியும்.

ஓடையில் உடைந்த பானைகள்

அந்த வருஷ விடுமுறையில் என் கணவர் எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். காய்ந்த ஓடையில், மணல் மேட்டுக்கு முன்னால், ஓட்டைப் பானைகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். முதல் வெடியில் தோள்பட்டை கழன்றுவிட்டதென்றே நினைத்தேன். நான்காவது வெடியில் பானை உடைந்தது. ஓடைக்கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஆரோக்கியம் கைதட்டினாள்.

தேங்காய் எண்ணெய் போடக் கூடாது, பிசுக்குப் பிடிக்கும் என்று தையல் மெஷின் எண்ணெய் வாங்கி வந்து துடைக்கக் கற்றுக்கொடுத்தார். இன்றைக்கும் தையல் கடைப் பக்கம் போனால் அந்த வாசனைக்கு நின்றுவிடுவேன். எனக்கு அது துணியின் வாசனை இல்லை. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, “மெதுவா, மெதுவா, அதென்ன சட்டி வெளக்கற மாதிரி” என்று அதட்டிய ஒரு காலை நேரத்தின் வாசனை.

எப்படிச் சுடுவது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். எப்போது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பன்றி வரும்போது என்பதில் எங்கள் இருவருக்குமே சந்தேகம் இல்லை.

வணக்கத்தின் ருசி

தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லோரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். முதல் தடவை போனபோது வரிசையில் நின்ற அத்தனை பேரும் மீசைக்காரர்கள். நான் ஒருத்திதான் சேலை. கோணியில் சுற்றிய துப்பாக்கியை இடுப்புக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றேன்.

“வூட்டுக்காரரு வரலீங்களா?” என்றார் ஏட்டு.

“லைசென்ஸ் என் பேர்லதாங்க.”

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

பிடித்திருந்தது என்பதை மறைக்க எனக்கு இப்போது வயதில்லை. அதற்கு முன்னால் நான் கடைத்தெருவில் நடந்தால் டீச்சர் போகிறாள் என்று ஒதுங்குவார்கள். அது சாக்பீஸுக்குக் கிடைத்த மரியாதை. துப்பாக்கி வந்த பிறகு ஒதுங்கியது வேறு மாதிரி. வட்டிக்கடைக்காரர் எழுந்து நின்றார். என்னைப் பார்த்தால் பாட்டை மாற்றிப் பாடும் இளவட்டங்கள் பாட்டையே நிறுத்தினார்கள்.

எங்கள் பக்கம் வயலைக் கொல்லை என்போம். பன்றி வருகிறதோ இல்லையோ, பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் தினமும் காலையில் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. பன்றி காலை ஏழு மணிக்கு வராது. அது எனக்குத் தெரியும். தோட்டாக்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆரோக்கியத்துக்கு இது பிடிக்கவில்லை. “பன்னி பாக்கறதுக்கா அண்ணி போறீங்க, பன்னி உங்கள பாக்கறதுக்கா?” என்று ஒருநாள் கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன்.

‘அண்ணா’ இல்லாத காலை

கோவிந்தன் எங்கள் பக்கத்துக் கொல்லைக்காரர். என்னைவிட இருபது வயது மூத்தவர். மாமனார் இறந்தபோது குழி வெட்டுவதிலிருந்து கடைசி ஆள் கிளம்பும் வரை நின்றவர். நான் அவரைக் கோயிந்தண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை டீச்சரம்மா என்பார்.

அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் எங்கள் கிணற்றில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அதை வைத்து அரை ஏக்கர் கடலை போட்டிருந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் மண் வெடித்துக் கிடக்க, அந்த அரை ஏக்கர் மட்டும் பச்சை. கோவிந்தனின் ஆடுகளுக்கு வேறு எங்கே போகத் தோன்றும்? இரண்டு தடவை உள்ளே புகுந்து மேய்ந்தன. இரண்டு தடவையும் நல்லபடியாகச் சொன்னேன். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு ஓட்டிப் போனார்.

மூன்றாவது தடவை ஒரு சனிக்கிழமை காலை. கொல்லையில் ஆறேழு பெண்கள் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கமான சுற்றில் இருந்தேன், தோளில் துப்பாக்கியோடு. ஆடுகள் கடலைக்குள் நின்றன. கோவிந்தன் வரப்பில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“யோவ் கோயிந்தா!”

என் வாயிலிருந்துதான் வந்தது. அண்ணா எங்கே போனது என்று தெரியவில்லை. தோளில் இருந்த துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பிடித்திருந்தேன்.

“இன்னொரு தடவ உள்ள வந்துச்சுன்னா ஆடுன்னும் பாக்க மாட்டேன், ஆளுன்னும் பாக்க மாட்டேன். தெரிஞ்சுதா?”

களை வெட்டியவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. துப்பாக்கியைப் பார்த்தார். பீடியைக் கீழே போட்டார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. காலையில் மூன்று இட்லிக்குப் பதில் ஐந்து சாப்பிட்டேன்.

துவைக்கிற கல்

பிற்பகல் அவர் வந்தார். வேலிக்கு வெளியே இருந்தே குரல் கேட்டது. ஆரோக்கியம் வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தவள், கையிலிருந்த சுத்தியோடு உள்ளே ஓடிவந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டுக் கதவு வேங்கை மரம். மாமனார் போட்டது. குறுக்கே இரும்புப் பட்டை. ஒரு கொடுவாள் என்ன, நாலு கோடரிக்கும் அது அவ்வளவு சீக்கிரம் திறக்காது. அந்தக் கதவுக்குப் பின்னால் நாங்கள் மூன்று பேரும் பத்திரமாக இருந்தோம். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பத்திரமாக இருந்தோம்.

பெட்டியைத் திறந்தேன். தோட்டா போட்டேன். அதுவரை சரி. உள்ளே வந்தால் என்ன செய்வது என்று யாரும் நினைக்கத்தான் செய்வார்கள்.

“காலைல அத்தன பேரு முன்னால ஆம்பள மாதிரி பேசினியே, இப்ப வெளிய வாடி!” என்று சத்தம் வந்தது.

நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

“அண்ணி, என்னா பண்றீங்க? அவரு உள்ள வரலீங்களே. நீங்க எதுக்கு வெளிய போறீங்க?”

ஆரோக்கியம் என் முந்தானையைப் பிடித்தாள். நான் கையைத் தட்டிவிட்டுக் கதவைத் திறந்தேன். படியில் இறங்கி நின்றேன்.

அப்போதுதான் அந்தச் சட்டை, அந்த ஊக்கு எல்லாம்.

வாசல் நடுவில் ஒரு துவைக்கிற கல் உண்டு. அதற்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நான். துப்பாக்கியைத் தூக்கித் தோளில் பொருத்தினேன். ஓடையில் சொல்லிக்கொடுத்த மாதிரியே மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தினேன். கை நடுங்கவில்லை.

அந்தக் கல்லைத் தாண்டினால் சுடுவது என்று முடிவு செய்துகொண்டேன். நியாயமான முடிவு மாதிரிதான் பட்டது. கொடுவாளோடு ஒருவன் வருகிறான், பெண்கள் மட்டும் இருக்கிற வீடு, ஓர் எல்லை வைத்திருக்கிறேன். எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் சொல்லலாம்.

அவர் ஓர் எட்டு வைத்தார். கல்லுக்கு இன்னும் இரண்டு எட்டு இருந்தது.

“சுடு!”

இன்னோர் எட்டு. தள்ளாடி நின்றார்.

அந்த நேரத்தில் எனக்குள் ஒன்று ஓடியது. பல வருஷம் யாரிடமும் சொல்லக் கூசிய விஷயம். வா, வா, இன்னும் ஒரு எட்டு வா என்று நான் மனதுக்குள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் அங்கேயே நின்றுவிடுவாரோ என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

பயந்தவள் ஒருவன் அருகில் வரக் கூடாது என்றுதானே வேண்டுவாள்? நான் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் திறந்த கதவு இருந்தது. குழந்தை இருந்தது. குழந்தையின் நினைப்பே அதுவரை எனக்கு வரவில்லை.

முதுகில் வியர்த்துக் கொட்டியது. பின்பக்கமாகவே ஒரு படி ஏறினேன். இன்னொரு படி. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளை ஆரோக்கியம் போட்டாள். தோட்டாவை வெளியே எடுத்துப் பெட்டியில் போட்டேன்.

அவரும் எதிர்பார்க்கவில்லை போல. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அந்தத் துப்பாக்கில தோசதாண்டி சுடுவ நீ! தோச சுடு!”

கதவில் மூன்று வெட்டு விழுந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. ஜன்னல் இடுக்கில் பார்த்தோம். கோவிந்தன் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து தலையைத் தொங்கப்போட்டிருந்தார். அவர் மனைவி குப்பம்மா வந்து, கொடுவாளைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

பெயர்

திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறும்போதே கண்டக்டர் கேட்டார்: “டீச்சர், ஒரு மசால் கெடைக்குமா?” பஸ்ஸே சிரித்தது.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் ஒரு துப்பாக்கி. அதன் முனையில் வட்டமாக ஒரு தோசை. கீழே ‘துபாக்கி’ என்று எழுதியிருந்தார்கள். விட்டுப்போன ‘ப்’பைப் போட்டுத் திருத்திவிட்டு, பலகையை அழித்து, பின்னங்கள் நடத்த ஆரம்பித்தேன். மத்தியானம் கழிப்பறையில் நின்று அழுதேன்.

காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கோவிந்தனைக் கூப்பிட்டு அதட்டி எழுதி வாங்கினார்கள். அவருக்கு எதுவும் நினைவில்லை என்றாராம். ஏட்டு என்னிடம், “கையில வெச்சுகிட்டு ஏம்மா உள்ள போனீங்க? வானத்த பாத்து ஒண்ணு போட்டிருக்கலாமில்ல?” என்றார். பள்ளித் தலைமையாசிரியரும் அதையே கேட்டார். பால்காரரும் கேட்டார். ஏன் உள்ளே போனீர்கள்? ஊரில் அந்த ஒரு கேள்விதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். ஒரு மனிதரைக் கொல்ல நினைத்தேன் சாமி என்றேன்.

“சுட்டீங்களாம்மா?”

“இல்லீங்க சாமி.”

“அவரு வெட்ட வந்தாரு. நீங்க கதவ சாத்திட்டீங்க. இதுல பாவம் எங்க இருக்குது?”

கல்லின் விஷயத்தை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ‘அருள்நிறை மரியே’ செபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். கூட இரண்டு சேர்த்துச் சொன்னேன்.

சாவி

சித்திரையில் என் கணவர் விடுமுறையில் வந்தார். கடிதத்தில் நான் எதையும் எழுதியிருக்கவில்லை. மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடைக்காரர் எழுதாததையெல்லாம் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் பெட்டியை இறக்கி வைக்கவில்லை. கதவில் இருந்த வெட்டுகளைக் கட்டைவிரலால் தடவினார்.

“தோட்டா இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க.”

“சாவி குடு.”

துப்பாக்கிப் பெட்டியின் சாவி என் இடுப்பில் இருந்தது. “எதுக்குங்க?” என்றேன்.

“அவன் வூட்டு வாசல்ல போயி நின்னுட்டு வந்துடறேன். சுட மாட்டேன். சும்மா நிக்கறேன்.”

“சும்மா நிக்கறதுக்கு எதுக்குங்க துப்பாக்கி?”

“பட்டாளத்துக்காரன் பொண்டாட்டிய தோச சுடுன்னு டீக்கடையில பேசறானுங்க. எம் மூஞ்சிய எங்க கொண்டு போயி வெப்பேன்? சாவிய குடு பிலோமி.”

“லைசென்ஸ் என் பேர்ல இருக்குதுங்க. தர மாட்டேன்.”

பதினாலு வருஷம் ராணுவத்தில் இருந்தவருக்கு நான் லைசென்ஸ் சட்டம் சொன்னேன். அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. கையை ஓங்கிவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். ஆரோக்கியம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான் நான் அவரிடம் சொன்னேன். காலையில் தோட்டா இல்லாத துப்பாக்கியோடு போய் அந்த மனிதரைப் பெயர் சொல்லி அதட்டியது. தாழ்ப்பாளைத் திறந்தது. கல். ஓர் எட்டு, இன்னோர் எட்டு. வா வா என்று மனதுக்குள் கூப்பிட்டது.

“நானும் சும்மா நிக்கத்தாங்க போனேன்” என்றேன். “நின்னதுக்கப்புறம் சும்மா நிக்க முடியல.”

அவர் பெட்டியை இறக்கி வைத்தார். போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆரோக்கியம் பரிமாறினால் சாப்பிட்டார். நான் பரிமாறினால் பசியில்லை என்றார்.

கடலைக்கொடி

நான்காம் நாள் காலையில் குப்பம்மா வந்தார். கடலை பிடுங்கி முடித்திருந்தோம். காய்ந்த கொடி வாசலில் போராகக் கிடந்தது.

“டீச்சரம்மா, ஆட்டுக்கு ரெண்டு கட்டு கொடி குடுப்பீங்களா? எதுவுமே இல்லீங்க.”

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கட்டினார். நான் ஒரு பக்கம் பிடித்துத் தலைக்குத் தூக்கிவிட்டேன். கட்டு பெரிது. கொடி தொங்கி முகத்தை மறைத்துவிட்டது. கொடிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளுங்கக்கா.”

“அன்னிக்கி நீங்க எதுக்கு வெளிய வந்தீங்க?”

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

“நானு வேலிக்கு அந்தாண்டதான் நின்னுகிட்டிருந்தேங்க, மொதல்ல இருந்து. அவரு கத்துவாரு, கதவ நாலு வெட்டு வெட்டுவாரு, உக்காந்துக்குவாரு. அப்புறம் இட்டுகினு போலாம்னு நின்னேன். கதவுதான் சாத்தியிருக்குதேன்னு தைரியமா நின்னேங்க. நீங்க தொறந்துகிட்டு வந்துட்டீங்க.”

இரண்டு மாதமாக ஊர் முழுவதும் நான் ஏன் உள்ளே போனேன் என்று கேட்டது. ஏன் வெளியே வந்தேன் என்று கேட்டவர் அந்த ஒருவர்தான்.

“ரோஷந்தாங்கக்கா” என்றேன். வேறு வார்த்தை இல்லை.

“அவருக்கும் அதேதான். பேரு சொல்லி கூப்பிட்டீங்களாம். அதையே சொல்லிச் சொல்லிக் குடிச்சாரு.” கொடிக் கட்டை ஒரு கையால் தாங்கினார். “எனக்கு ஓடி வர காலு வரலீங்க. நீங்க உள்ள போயி கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சு பாருங்க, அப்பதான் மூச்சே வந்துச்சு.”

கட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். நான் திரும்பினேன். என் கணவர் கிணற்றடியில் முகத்தில் சோப்பு நுரையோடு, சவரக் கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது. நுரை காய்ந்து வெடித்திருந்தது.

அன்றைக்கு மத்தியானம் நான் பரிமாறினேன். சாப்பிட்டார்.

பிறகு

அந்தப் பெயர் இரண்டு வருஷம் ஓடியது. பிறகு ஊருக்கு வேறு ஆள் கிடைத்தார்.

துப்பாக்கி இன்னும் சில வருஷம் எங்களிடம் இருந்தது. காலைச் சுற்றை நிறுத்திவிட்டேன். பன்றிக்கு இரண்டு மூன்று தடவை வானத்தைப் பார்த்து வெடித்திருக்கிறேன். கடைசியாக ஒரு தேர்தலுக்கு ஒப்படைத்தபோது, திரும்ப வாங்க நான் போகவில்லை.

கோவிந்தன் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த மழைக்கு முன்னால் ஒருநாள் வரப்பில் எதிரெதிராக வந்துவிட்டோம். ஒதுங்க இடமில்லை. “கோயிந்தண்ணா, ஆடு குட்டி போட்டுடுச்சாமே” என்றேன். “ம். ரெண்டு” என்றார். அவ்வளவுதான். அவர் நல்ல வயது வரை இருந்து போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்குப் போயிருந்தேன்.

என் கணவர் விடுமுறை முடிந்து கிளம்பிய நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

மொரப்பூர் பிளாட்பாரத்தில் வேப்பமரத்து நிழலில் நின்றிருந்தோம். வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது. பெட்டியின்மேல் சாப்பாட்டுக் கூடை. மகள் அவர் தோளில் தூங்கியிருந்தாள். தண்டவாளத்தில் வெயில் அலையலையாக எழும்பிக்கொண்டிருந்தது. ஊரைப் பற்றி, எருமையைப் பற்றி, ஆரோக்கியத்துக்குப் பார்க்கிற மாப்பிள்ளையைப் பற்றியெல்லாம் பேசி முடித்துவிட்டோம்.

தூரத்தில் கைகாட்டி இறங்கியது. குழந்தையை என் தோளுக்கு மாற்றினார். கைகாட்டியைப் பார்த்துக்கொண்டே, பாவசங்கீர்த்தனத்தில் சொல்வது போலத் தணிந்த குரலில் சொன்னார்.

“பிலோமி, அன்னிக்கி நான் இருந்திருந்தா சுட்டிருப்பேன்.”

வண்டி வந்தது. ஏறினார். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. கூடையை நீட்டினேன். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

“தயிர்ச்சோறு மேல இருக்குதுங்க. அத மொதல்ல சாப்பிடுங்க. வெயிலுக்குப் புளிச்சிப் போவும்.”

சரி என்று தலையாட்டினார். வண்டி நகர்ந்தது.